பெட்ரோல், டீசலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரலாமா? நான்கு வழிகளும் ஒரு லிட்டர் கணக்கும்

எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் ஒரு கணக்கு சுற்றிவரும்: ஜிஎஸ்டிக்குள் வந்துவிட்டால் பெட்ரோல் லிட்டர் 67 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று. பெருக்கல் கூட்டலில் அந்தக் கணக்கு தப்பில்லை. 18 சதவீதம் வரி போட்டால் ஏறத்தாழ அந்த விலைதான் வரும். மீதி 33 ரூபாயைப் பற்றித்தான் அந்தக் கணக்கு வாய் திறப்பதில்லை. இன்று அது சாலைக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் போகிறது. நாளை அந்தப் பணத்தை வேறு எதன் மீது போட்டு எடுப்பது, அதை முடிவுசெய்யும் அதிகாரம் சென்னையில் இருக்குமா டெல்லியில் இருக்குமா என்பதே இந்த விவகாரத்தின் உயிர்.

அரசின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்றிய அரசின் கலால் வரி, மாநிலத்தின் விற்பனை வரியான வாட் என்று இப்போதுள்ள ஏற்பாட்டை அப்படியே விடலாம். முழுதாக ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரலாம். ஜிஎஸ்டி போட்டு, அதற்கு மேல் மத்திய, மாநில அரசுகள் தனித்தனியே ஒரு வரி வைத்துக்கொள்ளலாம். அல்லது வெளியிலேயே வைத்துவிட்டு, இன்றைய ஏற்பாட்டின் கோளாறுகளை மட்டும் சரிசெய்யலாம். ‘பெட்ரோலியப் பொருள்கள்’ என்று மொத்தமாகப் பேசுவதால்தான் இந்த விவாதம் ஆண்டுக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள், டீசல், பெட்ரோல் ஆகிய ஐந்துக்கும் விடை ஒன்றல்ல.

சட்டம் எந்த இடத்தில் நிற்கிறது

ஜிஎஸ்டிக்கு வழிவிட்ட 101ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 2016இல் வந்தது. வரி 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்த ஐந்து பொருள்களும் ஜிஎஸ்டியிலிருந்து விலக்கப்பட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. மனிதர் அருந்தும் மது மட்டும்தான் வரையறையிலேயே வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறது. அதை உள்ளே கொண்டுவர அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். எரிபொருள்களுக்கு அப்படியில்லை. 279ஏ(5) பிரிவின்படி எந்தத் தேதியிலிருந்து வரி என்று ஜிஎஸ்டி மன்றம் பரிந்துரைத்தால் போதும். பிறகு மத்திய, மாநில ஜிஎஸ்டி சட்டங்களின் 9(2) பிரிவின் கீழ் இரண்டு அரசுகளும் தனித்தனியே அறிவிக்கை வெளியிட வேண்டும். மன்றத்தின் பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொல்லிவிட்டதால், மாநிலத்தின் அறிவிக்கை வெறும் சடங்கு அல்ல.

மன்றத்தில் வாக்குக் கணக்கு இப்படி: ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே ஒன்றிய அரசு சம்மதிக்காமல் எதுவும் நகராது. சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பகுதிகளையும் சேர்த்து 31 மாநிலங்கள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 2.15 சதவீத மதிப்பு. எல்லோரும் வந்து வாக்களித்தால் 12 மாநிலங்கள் சேர்ந்து எந்த முடிவையும் தடுக்கலாம். 11 போதாது. மன்றத்தில் பெரும்பாலும் வாக்கெடுப்பு நடப்பதில்லை. முதல் வாக்கெடுப்பே 2019 டிசம்பரில், லாட்டரி வரி விகிதத்துக்காகத்தான் நடந்தது. ஆனாலும் கை தூக்காமலேயே இந்த எண்கள் பேரத்தை நடத்துகின்றன.

பெட்ரோல், டீசல் பேச்சு 2021 செப்டம்பரில் லக்னோ கூட்டத்துக்கு வந்தது, கேரள உயர் நீதிமன்றம் பரிசீலிக்கச் சொன்னதால். இது அதற்கான நேரமல்ல என்று மன்றம் ஒதுக்கிவைத்தது. விமான எரிபொருளை மட்டும் சேர்க்கும் யோசனை 2024 டிசம்பரில் ஜெய்சல்மேர் கூட்டத்துக்கு வந்தது. மாநிலங்கள் அதற்கும் ஒப்பவில்லை.

ஒரு லிட்டரில் என்ன இருக்கிறது

2025 ஏப்ரல் நிலவரப்படியான மத்திய, தமிழ்நாட்டு வரிகளை வைத்து ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். கீழே வரிக் கணக்கில் ‘இன்று’ என்பது அந்த நிலவரம்தான். எண்ணெய் நிறுவனத்தின் விலையும் பங்க் உரிமையாளரின் கமிஷனும் சேர்ந்து 57 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் மீது வாட் எப்படி விழுகிறது என்பது போன்ற சில்லறை நுணுக்கங்களை விட்டுவிடலாம். 2025 ஏப்ரலில் 2 ரூபாய் கூட்டிய பிறகு பெட்ரோல் மீது மத்திய கலால் 21.90 ரூபாய். தமிழ்நாட்டு வாட் 13 சதவீதமும், அதற்கு மேல் லிட்டருக்கு 11.52 ரூபாயும்.

57 உடன் 21.90 சேர்ந்தால் 78.90. அதன் மீது 13 சதவீதம் 10.26. நிலையான 11.52ஐயும் சேர்த்தால் மாநில வரி 21.78. பங்க்கில் விலை 100.68. மொத்த வரி 43.68, அதாவது அடிப்படை விலையில் 76.6 சதவீதம்.

டீசலுக்கும் அதே 57 என்றால், கலால் 17.80, மாநில வாட் 11 சதவீதமும் 9.62 ரூபாயும். மாநில வரி 17.85, விலை 92.65, மொத்த வரி 35.65.

இதில் கவனிக்க வேண்டியது, மாநிலத்தின் 13 சதவீதம் மத்தியக் கலால் மீதும் விழுகிறது என்பது. ஒன்றிய அரசு கலாலை 2 ரூபாய் கூட்டினால் தமிழ்நாட்டுக்குத் தானாக 26 பைசா கூடும். 2022 மே மாதம் பெட்ரோல் கலால் 8 ரூபாய் குறைந்தபோது, தமிழ்நாடு எந்த ஆணையும் போடாமலேயே லிட்டருக்கு 1.04 ரூபாய் இழந்தது. ‘மத்திய அரசு குறைத்துவிட்டது, மாநிலம் ஏன் குறைக்கவில்லை’ என்று கேட்பவர்கள் இந்த 1.04ஐக் கணக்கில் சேர்த்துக்கொள்வதே நியாயம்.

இருப்பதை அப்படியே விட்டால்

இந்த வழிக்கு ஒரு பெரிய பலம் உண்டு. மாநிலச் சட்டமன்றம் தன் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் கூடிய வரிகள் இன்று மிகச் சில: எரிபொருள் வாட், மது, பத்திரப் பதிவு, வாகன வரி, மின்சார வரி. பக்கத்து மாநிலமான கேரளத்தைப் பார்த்தால் இந்த உரிமையின் அருமை தெரியும். வெள்ளச் சேதத்துக்காக ஜிஎஸ்டி மீது 1 சதவீத செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான கூடுதல் வரி) போட, மன்றத்தின் அனுமதி பெற்று 2019 ஆகஸ்டில்தான் அது தொடங்க முடிந்தது. வெள்ளம் வந்தது 2018 ஆகஸ்டில். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்களுக்காகப் பெட்ரோல், டீசல் மீது லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட 2023 நிதிநிலை அறிக்கையில் ஓர் அறிவிப்பு போதுமானதாக இருந்தது. அந்த 2 ரூபாய் சரியா தப்பா என்று கேரள வாக்காளர் தீர்ப்பளிக்கலாம். பதில் சொல்லவேண்டியவர் யார் என்பதில் அவருக்குக் குழப்பமில்லை.

பலவீனங்களும் சிறியவை அல்ல. முதலாவது, வரி மேல் வரி. டீசலுக்குக் கட்டிய வாட்டையும் கலாலையும் எந்த வணிகரும் தன் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியாது. அது சரக்குக் கட்டணத்தில் ஏறி, அங்கிருந்து பொருளின் விலையில் ஏறி, அந்த விலை மீது மறுபடி ஜிஎஸ்டி விழுகிறது.

இரண்டாவது கோளாறு சுத்திகரிப்பு ஆலைக்குள் இருக்கிறது. ஒரே கச்சா எண்ணெயிலிருந்து நாப்தா, தார், மசகு எண்ணெய், சமையல் எரிவாயு என ஜிஎஸ்டி உள்ள பொருள்களும், பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் என இல்லாதவையும் வருகின்றன. ஆலை வாங்கும் இயந்திரத்துக்கும் பராமரிப்புச் சேவைக்கும் ஜிஎஸ்டி கட்டுகிறது. அதில் வரியுள்ள பொருள்களின் விற்பனை விகிதத்துக்கு மட்டும்தான் வரவு, அதாவது கட்டிய வரியைத் தான் செலுத்தும் வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை, கிடைக்கும். மீதியை 17(2) பிரிவு, 42, 43 விதிகளின்படி திருப்பிவிட வேண்டும். விற்பனையில் பெரும்பகுதி பெட்ரோல், டீசல்தான் என்பதால் கட்டிய வரியில் பெரும்பகுதி செலவாகவே நின்றுவிடுகிறது, கடைசியில் அது அடிப்படை விலையில் போய்ச் சேர்கிறது.

மூன்றாவது, மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. இந்தப் பொருள்களுக்கு மட்டும் பழைய மத்திய விற்பனை வரி இன்னும் உயிரோடு இருக்கிறது. சி படிவம் கொடுத்து 2 சதவீதத்தில் வாங்கும் சலுகையை 2021 நிதிச் சட்டம் சுருக்கிவிட்டது. இதே பொருள்களை மறுவிற்பனை செய்பவர்களுக்கும் இதே பொருள்களை உற்பத்தி செய்யப் பயன்படுத்துபவர்களுக்கும் மட்டுமே அது மிச்சம். சுரங்கம், மின் உற்பத்தி, தொலைத்தொடர்பு போன்ற துறைகளுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

முழுதாக உள்ளே கொண்டுவந்தால்

விலை பெரிதாகக் குறையும், உண்மைதான். 57 ரூபாய்க்கு 18 சதவீதம் 10.26, விலை 67.26. மாநிலத்தின் பாதி 5.13. இன்று வரும் 21.78உடன் ஒப்பிட்டால் லிட்டருக்கு 16.65 ரூபாய் இழப்பு. ‘அப்படியானால் உச்ச விகிதத்தைப் போடுவோம்’ என்றால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 9(1) பிரிவு 20 சதவீதத்துக்கு மேல் வரி போட விடாது. மாநிலத்தின் 20ஐச் சேர்த்தால் 40. அந்த 40 போட்டாலும் வரி 22.80, மாநிலப் பங்கு 11.40, இழப்பு 10.38. இன்றைய வருவாயை அப்படியே எடுக்க 76.6 சதவீதம் வேண்டும். அதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டும். திருத்திவிட்டால் விலை குறையாது. விலையும் குறைய வேண்டும், வருவாயும் குறையக்கூடாது என்ற இரண்டையும் தரும் விகிதம் எதுவும் கிடையாது.

ஒன்றிய அரசின் இழப்பு இதைவிடப் பெரிது, ஆனால் அதைப் பற்றிப் பேச்சு குறைவு. 21.90 ரூபாய்க் கலாலில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் 1.40 மட்டுமே. ஜிஎஸ்டி ஆகிவிட்டால் ஒன்றிய அரசின் பாதி முழுவதும் மாநிலங்களோடு பங்கிடும் பகிர்வுத் தொகுப்புக்குப் போகும். 40 சதவீத விகிதத்தில் 11.40 வரும், அதில் 41 சதவீதம், அதாவது 4.67 ரூபாய், மாநிலங்களுக்குப் போய்விடும். கையில் நிற்பது 6.73. இன்று நிற்பது 21.33. தடை மாநிலங்கள்தான் என்று சொல்லப்படுவதைக் கேட்கும்போது இந்த எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ஆபத்து விலை ஆட்டம். ஜிஎஸ்டி முழுக்க முழுக்க விலை மீதான வரி. அடிப்படை விலை 57இலிருந்து 40க்கு இறங்கினால் 22.80 ஆக இருந்த வரி 16 ஆகிவிடும். லிட்டருக்கு இவ்வளவு என்ற நிலையான வரியில் இந்தச் சரிவு இல்லை. தமிழ்நாடு 2020 மே மாதம் பெட்ரோலுக்கு 34 சதவீதம், டீசலுக்கு 25 சதவீதம் என்றிருந்த முழு விகித வரியைக் கைவிட்டு, சதவீதமும் நிலையான தொகையும் கலந்த முறைக்கு மாறியது. உலக எண்ணெய் விலை தரைதட்டிய நேரம் அது. வருவாயைத் தாங்கிப் பிடித்தது அந்த நிலையான பகுதிதான்.

‘இழப்பீடு தந்தால் போயிற்று’ என்பதற்கு 2017இன் அனுபவமே பதில். 2015-16 வருவாயை அடிப்படையாக வைத்து ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சி என ஐந்தாண்டுகளுக்குச் சட்டமே உறுதி தந்தது. ஆனால் பணம் வருவது இழப்பீட்டு செஸ்ஸிலிருந்து மட்டும். 2020இல் பெருந்தொற்றில் செஸ் வறண்டதும் தகராறு வெடித்தது. கடைசியில் ஒன்றிய அரசு 2020-21இல் 1.10 லட்சம் கோடியும் 2021-22இல் 1.59 லட்சம் கோடியும் கடன் வாங்கி மாநிலங்களுக்குத் தந்தது. அதை அடைக்க செஸ்ஸை 2026 மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. எரிபொருளுக்கு மறுபடி இழப்பீடு என்றால், அதற்கான செஸ்ஸை எதன் மீது போடுவார்கள்? இவ்வளவு பெரிய தொகை தரக்கூடிய பொருள் எரிபொருள்தான். வலது கையில் குறைத்ததை இடது கை வாங்கிக்கொள்ளும்.

ஜிஎஸ்டி, அதற்கு மேல் தனி வரி

பல நாடுகள் செய்வது இதுதான்: மதிப்புக் கூட்டு வரியும் உண்டு, அதற்கு வெளியே லிட்டருக்கு இவ்வளவு என்று கலாலும் உண்டு. நம் அரசியலமைப்பில் இதற்கு இடமில்லை என்று சொல்லப்படுவது தவறு. ஒன்றியப் பட்டியலின் 84ஆவது பதிவு இந்த ஐந்து எரிபொருள்களுக்கும் புகையிலைக்கும் கலால் போடும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடம் விட்டுவைத்திருக்கிறது. ஜிஎஸ்டியும் கலாலும் ஒரே பொருள் மீது விழுவதற்குப் புகையிலையே உதாரணம். மாநிலப் பட்டியலின் 54ஆவது பதிவும் இந்த ஐந்தின் விற்பனை வரியை மாநிலங்களிடமே விட்டிருக்கிறது. ஆக 18 சதவீத ஜிஎஸ்டி, மேலே ஒன்றிய அரசுக்கு 16.77, மாநிலத்துக்கு 16.65 என்று பிரித்தால் பெட்ரோல் விலையும் 100.68இல் நிற்கும், இரு அரசுகளின் நேரடி வசூலும் மாறாது.

அப்படியானால் லாபம் எங்கே? வரவில். 10.26 ரூபாய் ஜிஎஸ்டியை வணிகப் பயனர் கழித்துக்கொள்ளலாம். சுத்திகரிப்பு ஆலையின் தேங்கிய வரவும் விடுபடும். தலைப்புச் செய்திக்கு ஆகாத லாபம், ஆனால் உண்மையான லாபம்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது, இந்த விவாதத்தில் அதிகம் கவனிக்கப்படாதது. மதுரைக்குச் சரக்கு ஏற்றிப்போகும் லாரியை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து சுமார் 460 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 115 லிட்டர். லிட்டருக்கு 10.26 வீதம் ஒரு நடைக்கு 1,180 ரூபாய் வரவு. ஆனால் லாரி சரக்குக்கு 2025 செப்டம்பருக்குப் பிறகு இரண்டு தேர்வுகள்: வரவு இல்லாமல் 5 சதவீதம், வரவோடு 18 சதவீதம். 5 சதவீத வழியில் இருப்பவருக்கு அந்த 1,180இல் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர்கள் பதிவும் மாதாந்தரப் படிவமும் வேண்டாம் என்று அந்த வழியில்தான் நிற்பார்கள். ஆகவே டீசலை உள்ளே கொண்டுவரும் அதே நாளில் சரக்குப் போக்குவரத்து விகிதத்தையும் திருத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் பலன் பெரிய தளவாட நிறுவனங்களோடு நின்றுவிடும், சிறு லாரிக்காரர் போட்டியில் பின்தங்குவார்.

வசூலில் விழும் ஓட்டையையும் மறைக்கக்கூடாது. டீசலில் வரவு எடுக்கப்படும் ஒவ்வொரு லிட்டருக்கும் இரு அரசுகளும் ஆளுக்கு 5.13 இழக்கும். அதை மேல்வரியில் ஏற்றினால் வரவு எடுக்க முடியாத விவசாயியின் டிராக்டர் டீசல் விலை ஏறும். டிராக்டருக்கும் மீன்பிடிப் படகுக்கும் தனி மானியம் வைக்காமல் இந்தப் பாதையில் இறங்கக்கூடாது.

வெளியிலேயே வைத்து ஓட்டையை அடைப்பது

இன்றைய ஏற்பாட்டின் மிகப் பெரிய அநீதி ஜிஎஸ்டியோடு தொடர்பே இல்லாதது. 2014 நவம்பர் தொடக்கத்தில் பெட்ரோல் கலால் 9.48 ரூபாய், டீசலுக்கு 3.56. 2020 மே மாதம் 32 ரூபாயைத் தாண்டியது, டீசலுக்கு 31.83. அந்த மே மாதம் பெட்ரோலில் கூட்டிய 10 ரூபாயில் 8 சாலை செஸ், 2 சிறப்புக் கூடுதல் கலால். டீசலில் கூட்டிய 13இல் 8 செஸ், 5 சிறப்புக் கூடுதல் கலால். மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலாலில் ஒரு பைசா கூடவில்லை. 2021 நிதிநிலை அறிக்கை வேளாண் உள்கட்டமைப்பு செஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது நுகர்வோர் விலை மாறவில்லை. ஆனால் அடிப்படைக் கலால் பெட்ரோலில் 2.98இலிருந்து 1.40க்கும், டீசலில் 4.83இலிருந்து 1.80க்கும் சுருங்கியது. செஸ்ஸும், சிறப்புக் கூடுதல் கலால் போன்ற சர்சார்ஜும் பகிர்வுத் தொகுப்பில் சேராது என்று 270ஆவது பிரிவு சொல்வதால், மாநிலங்களின் பங்கு சத்தமில்லாமல் கரைந்தது.

1.40 ரூபாயில் 41 சதவீதம் 57 பைசா. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து அவ்வளவுதான். 15ஆவது நிதிக்குழு தந்த 4.079 சதவீதப் பங்கின்படி தமிழ்நாட்டுக்கு அதில் 2.3 பைசா. ஒரு லிட்டருக்கு 21.90 ரூபாய் வசூலாகும் இடத்தில் 2.3 பைசா.

இதைச் சரிசெய்யப் புதிய மன்றமோ திருத்தமோ வேண்டாம். சிறப்புக் கூடுதல் கலாலை அடிப்படைக் கலாலோடு இணைக்கும் ஒரு நிதிச் சட்டப் பிரிவு போதும். மாநிலங்கள் தங்கள் பக்கத்தில் வாட்டின் சதவீதப் பகுதியைப் படிப்படியாக லிட்டர் தொகையாக மாற்றலாம். தமிழ்நாடு பாதி தூரம் போய்விட்டது. முழுவதும் மாறினால் வரி மேல் வரி ஒழியும், ஒன்றிய அரசின் கூட்டல் குறைப்பு மாநில வருவாயைத் தொடாது. இழப்பது ஒன்று உண்டு: எண்ணெய் விலை ஏறும்போது தானாக வரும் கூடுதல் வருவாய். விலைவாசிக்கு ஏற்பத் தொகையை ஆண்டுதோறும் சட்டமன்றம் திருத்தாவிட்டால் நிலையான வரி மெல்லத் தேயும். அரசியல்வாதிக்குப் பிடிக்காத வேலை அது. சதவீத வரி தானாக ஏறும், லிட்டர் வரியை ஏற்ற ஒருவர் எழுந்து நின்று அறிவிக்க வேண்டும். எங்கள் பார்வையில் அதுவே இந்த முறையின் சிறப்பு.

எந்த எரிபொருளுக்கு எந்த வழி

இயற்கை எரிவாயு முதலில் உள்ளே வரட்டும். வாங்குபவர்கள் பெரும்பாலும் உரம், கண்ணாடி, பீங்கான், இரும்பு போன்ற பதிவுபெற்ற ஆலைகள். வரவுச் சங்கிலி இங்கே உண்மையிலேயே ஓடும். குழாயில் பல மாநிலங்களைக் கடந்து வரும் பொருளுக்கு மாநில வாட்டைவிட ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி பொருத்தமானது. எண்ணூர் திரவ எரிவாயு இறக்குமதி முனையத்திலிருந்து குழாய்கள் நீளும் தமிழ்நாட்டுக்கு இதில் இழப்பைவிட ஆதாயமே அதிகம் என்பது எங்கள் கணிப்பு. பெரிய இழப்பு குஜராத் போன்ற அதிக நுகர்வு மாநிலங்களுக்கு.

விகிதத்தில் கவனம் வேண்டும். ‘5 சதவீதம் போடுவோம், எல்லோருக்கும் நல்லது’ என்று தோன்றும். ஆனால் எரிவாயு எடுக்கும் நிறுவனம் வாங்குவது பெரும்பாலும் துளையிடும் சேவையும் இயந்திரமும். அவற்றுக்கு வரி 18. விற்பனைக்கு 5 மட்டும் என்றால் வரவு குவியும். 54(3) பிரிவு தரும் திரும்பப்பெறுதலோ உள்ளீட்டுப் பொருள்களுக்கு மட்டும்தான், சேவைக்கும் இயந்திரத்துக்கும் கிடையாது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. ஆகவே ஆலைகளுக்கு 18, வீட்டுச் சமையல் குழாய்க்கு 5 என்பதே வேலை செய்யும் விகிதம். உர ஆலையில் வாங்குவதற்கு வரி அதிகம், விற்பதற்குக் குறைவு என்ற தலைகீழ் நிலை வரும். ஆனால் அங்கே எரிவாயு உள்ளீட்டுப் பொருள் என்பதால் திரும்பப் பெற வழியுண்டு, தாமதம்தான் தொல்லை. மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி இல்லாததால் எரிவாயு மின் நிலையங்களுக்கு வரவே கிடைக்காது. அவற்றுக்கு மட்டும் தனி விகிதம் வேண்டும்.

மாறும் நாளில் மாநில வாட் அட்டவணையிலிருந்து எரிவாயுவை நீக்கும் ஆணையும், வாகன எரிவாயு மீதான 14 சதவீத மத்தியக் கலாலை நீக்கும் ஆணையும் ஒரே தேதியில் வர வேண்டும். பழைய வரவுகளைக் கொண்டுவரும் படிவத்துக்குப் போதிய அவகாசம் வேண்டும். 2017இல் டிரான்-1 படிவம் இணையதளத்தில் ஏறாமல் பலர் வரவை இழந்தார்கள். வழக்குகள் நடந்து, உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2022 அக்டோபரில்தான் தளம் மறுபடி திறந்தது. ஐந்தாண்டு.

விமான எரிபொருள் அடுத்தது. மாநில வாட் இன்று சில இடங்களில் ஓரிரு சதவீதம், சில இடங்களில் 25க்கும் மேல். மலிவான ஊரில் தொட்டியை நிரப்பி, எடையைச் சுமந்து பறப்பதுதான் விளைவு. ஆனால் எகானமி வகுப்பு டிக்கெட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, அதில் சேவைகளுக்கு மட்டுமே வரவு. எரிபொருளோ சேவையல்ல, சரக்கு. அந்த நிபந்தனையை மாற்றாமல் உள்ளே கொண்டுவந்தால் பலன் உயர் வகுப்புக்கும் சரக்கு விமானத்துக்கும்தான்.

டீசலுக்கு மூன்றாவது வழி, மேலே சொன்ன லாரி விகிதத் திருத்தத்தோடு, எரிவாயுவில் ஈராண்டு அனுபவம் கிடைத்த பிறகு. கச்சா எண்ணெய் அதன் பின்னால் தானாக வரும். உள்நாட்டுக் கச்சா எண்ணெய் மீது 2016 முதல் உள்ள 20 சதவீத மேம்பாட்டு செஸ் தனி விவகாரம்.

பெட்ரோல் வெளியே இருக்கட்டும். அதைப் போடுவது பெரும்பாலும் சொந்த வாகனம் வைத்திருப்பவர். அவர் வரவு எடுக்கப்போவதில்லை. சங்கிலி ஓடாத இடத்தில் ஜிஎஸ்டி தருவது ஒன்றுமில்லை, மாநிலத்தின் கையிலிருந்து எடுப்பது நிறைய. மின்சார வாகனங்கள் பெருகப் பெருக இந்த வருவாய் எப்படியும் சுருங்கும். சுருங்குவதற்குள் மாற்று வரியை யோசிக்க மாநிலத்துக்கு அவகாசமும் அதிகாரமும் தேவை.

எரிவாயுவுக்குக் கை தூக்கும் முன் தமிழ்நாடு எழுத்தில் வாங்க வேண்டியவை மூன்று. 54ஆவது பதிவின் கீழ் மேல்வரி போடும் உரிமை தொடரும் என்பது மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதிய வேண்டும். இழப்பீடு உண்டென்றால், செஸ் போதாத ஆண்டில் பணம் ஒன்றியத்தின் தொகுப்பு நிதியிலிருந்து வரும் என்று சட்டப் பிரிவிலேயே இருக்க வேண்டும். சிறப்புக் கூடுதல் கலால் அடிப்படைக் கலாலாக மாறும் தேதி, எரிவாயு ஜிஎஸ்டிக்குள் வரும் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும்.